கரண்ட் போனபோது அல்ல, வந்தபோதுதான் மெஷின் செத்தது



கொஞ்சம் நீளமான பதிவு. மில் வைத்திருப்பவர்கள், ஐஸ் பெக்டரியில் வேலை செய்பவர்கள், தண்ணீர்ப் பம்ப் ஸ்டேஷனில் இருக்கும் தம்பிமார் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். சிறுபோக அறுவடை வருகிறது. போன வாரம் மட்டும் இரண்டு பேர் "சேர், அண்டைக்கு அந்த மில்லுல என்னதான் நடந்த?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முழு இலங்கையும் இருளான நாள் என்று சொல்ல வேண்டும். ஆனால் பகல் பதினொன்றரை மணியளவில் போனதால் யாருக்கும் இருட்டுத் தெரியவில்லை, மின்விசிறிதான் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்போமரில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். அந்தக் குரங்கை வைத்து ஒரு கிழமையாக நாம் எல்லோரும் மீம்ஸ் போட்டோம். ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாடே விழுமா என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டது நியாயமான கேள்வி. ஞாயிறு நண்பகல், தேவை குறைவு. கூரைகளில் இருக்கும் சோலார் முழுவீச்சில் தருகிறது. அந்த நேரத்தில் வலையைத் தாங்கிப் பிடிக்கும் கனமான சுழலும் இயந்திரங்கள் குறைவாகத்தான் ஓடுகின்றன. ஓடும் லொறி சின்னக் கல்லில் ஏறினால் குலுங்கிவிட்டுப் போய்விடும், சைக்கிள் என்றால் விழுந்துவிடும். அன்று நம் மின்வலை சைக்கிள் மாதிரி இருந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. மூன்றும் சேர்ந்தால் 900 மெகாவாட். அவை திரும்ப வர நாட்கள் எடுத்தபடியால்தான் திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணிநேரக் கரண்ட் கட் வந்தது.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

அக்கரைப்பற்றுப் பக்கம் எனக்கு மச்சான் முறையான ஒருவர் நெல் மில் வைத்திருக்கிறார். பெரிய மில் என்று சொல்ல முடியாது. எட்டுப் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள், அதில் பாதிப்பேர் பெண்கள். பெரும்போக அறுவடை நம் மாவட்டத்தில் சூடுபிடித்திருந்த நேரம். வயலிலிருந்து ஈரநெல் வந்துகொண்டே இருக்கிறது. அன்று அதிகாலை ஒரு தொட்டி நிறைய நெல்லைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டிருந்தார்கள். சுடுதண்ணீரில் என்றால் நாலு, ஐந்து, மிஞ்சினால் ஆறு மணித்தியாலம். அதற்குமேல் தண்ணீரை வடித்து ஆவி கொடுத்துவிட வேண்டும். விட்டால் நெல் புளிக்கத் தொடங்கும், அரிசி நிறம் மாறும், மணக்கும். மணந்த அரிசியை எந்தக் கடைக்காரனும் அவன் கேட்கும் விலைக்குத்தான் எடுப்பான்.

கரண்ட் போனதும் கையால் தண்ணீரை வடித்தார்கள். அதோடு சரி. முந்தின காலத்து மில்லில் ஆவி வால்வைக் கையால் திருகித் திறப்பார்கள். இங்கே எல்லாமே ஒரு கண்ட்ரோலர் பெட்டியின் கட்டளையில். எந்த வால்வு எத்தனை நிமிடம் திறக்க வேண்டும், ட்ரையர் சூடு எவ்வளவு, எலிவேட்டர் எப்போது ஓட வேண்டும், எல்லாம் அந்தப் பெட்டிக்குள். பி.எல்.சி என்று சொல்வார்களே, அது. வடித்த நெல் சூடாக, ஈரமாக, மூடிய தொட்டிக்குள் கிடந்தது.

அஸருக்குப் பிறகு கரண்ட் வந்தது. லைட் எரிந்தது, மின்விசிறி சுற்றியது. மோட்டர்களையும் தனித்தனியாகப் போட்டால் ஓடின. கண்ட்ரோலர் மட்டும் கல்லு மாதிரி. திரையிலும் ஒன்றும் இல்லை, ஒரு புள்ளி வெளிச்சமும் இல்லை.

மெஷின் விற்ற இடத்துக்கு மச்சான் போன் போட்டார். அங்கிருந்தவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "கண்ட்ரோலர் எரிஞ்சிட்டு, புதுசு போடோணும், ஆள் வர ஒரு கிழமை ஆகும்" என்று சொல்லிவிட்டார். விலை லட்சக் கணக்கில். மச்சான் எனக்குப் போன் எடுத்தது மஃரிபுக்குச் சற்று முன்.

"மச்சான், நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தானே, ஒருக்கா வந்து பாருங்களன்."

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் எல்லாம் பெனல் போர்ட்டைத் திறக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் திறக்கத் தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். நான் படிப்பிக்கும் கோமாரியில், என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பன். சுனாமி வீட்டைக் கொண்டுபோன பிறகு கட்டாருக்குப் போய்ப் பல வருடம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்தவர். இப்போது ஊரில் வீட்டு வயரிங் செய்கிறார், கிணற்று மோட்டர் திருத்துகிறார். அவருடைய கையில் இருக்கும் தொழிலுக்கு இது போதாது என்பது என் அபிப்பிராயம். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நான் எப்போதும் கூப்பிடுவதுபோல் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிளில் போனோம். இரவில் அந்த வீதியில் யானைப் பயம் உள்ளவர்களுக்குத் தெரியும், வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மில்லுக்குப் போனதும் அண்ணன் பெட்டியைத் திறக்கவில்லை. வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். "கரண்ட் போகக்குள்ள மெஷின் ஓடிட்டிருந்ததா? மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணினீங்களா, அப்பிடியே விட்டீங்களா? வந்த நேரம் சத்தம் ஏதும் கேட்டதா? எரிஞ்ச மணம் வந்ததா? இதுக்கு முந்தி இந்த மெஷின கடைசியா எப்ப ஓஃப் பண்ணினீங்க?"

மணம் வரவில்லை, சத்தம் கேட்கவில்லை. கடைசிக் கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. சின்னச் சின்னக் கரண்ட் கட்டுக்கு ஜெனரேட்டர் உடனே பிடித்துக்கொள்ளும். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில் அடிக்கடி நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி முழுதாக ஆறும்வரை நின்றதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்த முறை ஜெனரேட்டரும் சரியாக அன்றைக்கென்று டீசல் பம்ப் கழற்றி வைத்த நிலையில். அண்ணன் தலையை ஆட்டினார். அந்தப் பதிலிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது என்று பிறகுதான் சொன்னார்.

அடுத்தது மீற்றர். மூன்று பேஸும் நியூட்ரலோடு அளந்தார். 231, 228, 234. நம் நாட்டில் 230 வோல்ட்டுக்கு ஆறு வீதம் கூடலாம், குறையலாம், அதனால் இது நல்ல கரண்ட். இதை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்றால், நியூட்ரல் வயர் எங்காவது கழன்றிருந்தால் ஒரு பேஸில் 230 வர வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறிவிடும். அப்போது டீவி, பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து எரியும். ஊரில் "கரண்ட் கூடி வந்து எரிஞ்சிட்டு" என்று நாம் சொல்வது பல இடங்களில் இதுதான்.

பிறகு வயர் போகும் வழியே ஒவ்வொரு படியாகப் போனார். சின்ன பிரேக்கருக்கு முன்னால் 231. பின்னால் 231. பியூஸ் தாண்டி 231. அடுத்தது பவர் சப்ளை, எஸ்.எம்.பி.எஸ் என்ற பெட்டி. கண்ட்ரோலர் நேரே 230 வோல்ட்டில் ஓடுவதில்லை. இந்தப் பெட்டி 230 ஏசியை 24 வோல்ட் டீசி ஆக்கிக் கொடுக்கிறது. அதன் உள்வரும் இடத்தில் 231, வெளிவரும் இடத்தில் பூச்சியம்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு "சப்ளை போச்சு" என்று சொல்லலாம். அவர் சொல்லவில்லை. வெளிவரும் வயர்கள் இரண்டையும் கழற்றிவிட்டுத் திரும்ப அளந்தார். ஏனென்றால் வெளியே எங்காவது ஒரு சென்சர் வயர் நசுங்கி ஷோர்ட்டாகி இருந்தாலும் சப்ளை தன்னைக் காப்பாற்ற நின்றுவிடும். அப்படியென்றால் வயரைக் கழற்றியதும் 24 திரும்ப வர வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே வெளிச்சம் மினுங்கி மினுங்கி அணையும். இங்கே கழற்றின பிறகும் பூச்சியம். ஆகவே சப்ளைதான்.

மச்சான் கேட்டார், "அப்ப கண்ட்ரோலர் நல்லாருக்கா?"

"தெரியா முதலாளி. கேட்டுப் பாப்பம்."

முற்றத்தில் நின்ற லொறியிலிருந்து ஒரு பெட்டரி, ட்ரெக்டரிலிருந்து ஒன்று. இரண்டும் 12 வோல்ட். தொடராக இணைத்தால் 24 சொச்சம். அதை எழுதும்போது சாதாரண விஷயம் மாதிரித் தெரிகிறது. அந்த இடத்தில் நின்று பார்த்த எனக்கு, இருபது வருடமாகக் கரும்பலகையில் வரையும் "தொடர் இணைப்பு" அன்றுதான் ஒரு பிரயோசனத்துக்கு வந்ததுபோல் இருந்தது. லொறி பெட்டரி விளையாட்டுச் சாமான் அல்ல. பிழையாகப் பிடித்தால் வயரை உருக்கும் அளவுக்குக் கரண்ட் தரும். அதனால் இடையில் இரண்டு அம்பியர் பியூஸ் ஒன்று போட்டார். நேர், மறை எது என்று மூன்று தரம் மீற்றரில் பார்த்தார். பிறகு கண்ட்ரோலருக்கு மட்டும், வேறொன்றுக்கும் இல்லாமல், தொட்டார்.

பச்சை வெளிச்சம் எரிந்தது. சில விநாடியில் பக்கத்திலுள்ள ஓடும் விளக்கும் எரிந்தது. திரை வந்தது. பின்னால் நின்ற பெண்களில் ஒருவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர்களுக்கு அது நாட்கூலி. மில் ஒரு கிழமை பூட்டினால் ஒரு கிழமைச் சம்பளம் இல்லை. நெல் விற்கவந்த விவசாயிக்கு வெளியூர் லொறிக்காரன் சொல்வதுதான் விலை.

லட்சக் கணக்கில் விலை சொல்லப்பட்ட கண்ட்ரோலருக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

ஆனால் இன்னொரு விளக்கும் எரிந்தது, சிவப்பு. "பெட்" என்று மட்டும் எழுதியிருந்தது. பெட்டரி. கண்ட்ரோலருக்குள் விரல் நுனி அளவில் ஒரு லித்தியம் பெட்டரி இருக்கிறது. இந்த மாதிரிப் பழைய ரகங்களில் கரண்ட் இல்லாத நேரத்தில் ப்ரோக்ராமை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கு சொல்கிறது. எத்தனை மாதமாகச் சொல்கிறதோ. பெட்டிக் கதவு மூடியபடி இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. இந்த நிலையில் ஒரு கிழமை கரண்ட் இல்லாமல் அதைப் போட்டு வைத்திருந்தால், நல்ல கண்ட்ரோலரும் ஞாபகம் இழந்த மனிதன் மாதிரி ஆகியிருக்கும். ப்ரோக்ராம் எழுதிய ஆள் எங்கே இருக்கிறாரோ, அதன் பிரதி யாரிடம் இருக்கிறதோ. எனக்கு உண்மையில் பயம் வந்தது இந்த இடத்தில்தான். இதன் பெட்டரியை மாற்றும்போது கண்ட்ரோலருக்குக் கரண்ட் இருக்க வேண்டும், அணைத்துவிட்டு மாற்றினால் உள்ளதும் போய்விடும் என்று அண்ணன் சொன்னார். வீட்டில் நாம் எதைத் தொடுவதென்றாலும் முதலில் அணைப்போம். இங்கே தலைகீழ். ஆகவே உங்கள் மெஷினின் புத்தகத்தைப் பார்க்காமல் செய்யாதீர்கள், ரகத்துக்கு ரகம் மாறும்.

அடுத்ததாக வால்வுகளின் வயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பெரிய பியூஸ் போட்டு, இரவு பத்து மணியளவில் லொறி பெட்டரியிலேயே ஆவி கொடுக்கத் தொடங்கினோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்து மூன்று அம்பியர் அளவுதான். நூறு அம்பியர்-மணி பெட்டரி என்றால் ஒரு நாளுக்கு மேலேயே தாங்கும். நெல்லில் இலேசாக மணம் மாறித்தான் இருந்தது. அந்தத் தொட்டி அரிசி கொஞ்சம் விலை குறைந்து போனது. வீசப்படவில்லை.

அடுத்த நாள் கதை சின்னது, ஆனால் இந்தப் பதிவே அதற்காகத்தான்.

செத்த சப்ளையை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தார். திறந்ததும் கை வைக்கவில்லை. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் டீசி நிற்கும், ப்ளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் நிற்கும், ஆளைக் கொல்லும். அளந்து, இறங்கிவிட்டது என்று பார்த்த பிறகுதான் தொட்டார். கெப்பாசிட்டர் என்றால் பிள்ளைகளின் புத்தகத்தில் கொள்ளளவி.

பெரியதெல்லாம் நலம். தலை வீங்கியது, ஒழுகியது ஒன்றும் இல்லை. பிரச்சினை ஒரு மூலையில் நின்ற, பயறு அளவை விடக் கொஞ்சம் பெரிய ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். மேலே 47 மைக்ரோஃபரட் என்று எழுதியிருந்தது. அளந்தால் 3 கூட இல்லை. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி.

அது என்ன வேலை செய்கிறது? லேண்ட்மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒருதரம் பிடித்துவிட்டால் பிறகு ஹேண்டில் தேவையில்லை, எஞ்சின் தன்னைத்தானே ஓட்டும். சப்ளைக்குள் இருக்கும் குட்டி மூளை ஒன்று, ஐசி, தொடங்குவதற்கு இந்தச் சின்னக் கெப்பாசிட்டர் மெல்ல மெல்ல நிறைய வேண்டும். பரவலாகப் பாவிக்கப்படும் ஒரு ஐசியில் 16 வோல்ட் வந்ததும் மூளை விழிக்கும், 10 க்குக் கீழே போனால் திரும்பத் தூங்கும். விழித்த அந்தக் கண நேரத்துக்குள் ட்ரான்ஸ்போமரின் ஒரு தனிச் சுற்று தன் வேலையைத் தொடங்கி மூளைக்குச் சாப்பாடு கொடுத்துவிடும். கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டால் அந்தக் கண நேரம்கூடத் தாங்க முடியாது. விழிக்கும், உடனே விழும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அது காய்ந்திருப்பது யாருக்கும் தெரியாது! ஒரு வருடமோ இரண்டு வருடமோ செத்த நிலையிலேயே நல்லவன் மாதிரி நிற்கும். கரண்ட் ஒருதரம் போய், பெட்டி முழுதாக ஆறி, திரும்ப வரும் நேரத்தில்தான் அதன் சாயம் வெளுக்கும்.

இதை நிரூபிக்க அண்ணன் ஒரு வேலை செய்தார். ராத்தாவிடம் ஹெயார் ட்ரையர் வாங்கி வரச் சொன்னார். குட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடு காட்டி, தூர விலகி நின்று கரண்ட் போட்டார். சப்ளை எழும்பியது, 24.1 வோல்ட். அணைத்து, ஆறவிட்டுப் போட்டார். எழும்பவில்லை. சூடு பட்டால் உள்ளே மிச்சமிருக்கும் திரவம் கொஞ்சம் இளகி வேலை செய்யும் என்று விளக்கம். இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

கல்முனையில் வாங்கிய புதுக் கெப்பாசிட்டரின் விலை ஒரு பிளேன்டீக் காசுக்குக் கிட்ட. போய்வந்த பெற்றோல் செலவு அதைவிடப் பல மடங்கு.

ஏன் இவ்வளவு சீக்கிரம் காய்ந்தது? இந்தச் சாமான்களில் 105 பாகை, 2000 மணித்தியாலம் என்று ஆயுள் போட்டிருக்கும். சூடு பத்துப் பாகை குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. பெட்டிக்குள் 65 பாகை என்று வையுங்கள். நாற்பது பாகை குறைவு, ஆகவே பதினாறு மடங்கு, 32,000 மணித்தியாலம். வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். இரவு பகல் அணையாமல் ஓடினால் மூன்றரை வருடம் சொச்சம்தான். மச்சானின் பெனல் போர்ட் எங்கே பொருத்தியிருக்கிறது தெரியுமா? பொய்லருக்குப் பக்கத்துச் சுவரில். வயர் மிச்சம் பிடிக்க அப்படிப் போட்டார்களாம். நம் கரையோரத்து உப்புக்காற்றும் நெல் தூசியும் சேர்ந்து பெட்டிக்குள் கறை பிடித்துப் போயிருந்தது. ஒரு பல்லியின் எலும்புக்கூடும் இருந்தது. பாணந்துறைக்குக் குரங்கு என்றால் நமக்குப் பல்லி.

திங்கள், செவ்வாய் கரண்ட் கட்டுகளில் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய சப்ளை நின்று எழும்பியது. கொழும்பிலிருந்து புதியது பஸ் பார்சலில் வந்ததும் அதைப் போட்டு, திருத்தியதை மாற்றுக்கு எடுத்து வைத்தார்கள். நினைவுப் பெட்டரியும் மாற்றியாயிற்று, மாற்றிய திகதியைப் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதியிருக்கிறது.

மில்காரர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். அறுவடை தொடங்கும் முன், தொட்டியில் நெல் இல்லாத ஒரு நாளில், நீங்களாகவே மெஷினை முழுதாக அணைத்து, இரண்டு மூன்று மணித்தியாலம் ஆறவிட்டுப் போட்டுப் பாருங்கள். அணைக்கும் முன் பெட்டரி விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். எரிந்தால் அணைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். எழும்பாமல் போவதென்றால் அன்றைக்கே எழும்பாமல் போகட்டும், நெல் ஊறிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஒரு 24 வோல்ட் சப்ளை மேலதிகமாக வாங்கி வைப்பது ஒரு நாள் மில் நிற்பதைவிட மலிவு. கரண்ட் போனால் மெயினை அணைத்துவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள், வரும்போது முதல் சில விநாடிகள் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். யாராவது போனிலேயே "கண்ட்ரோலர் எரிஞ்சிட்டு" என்று சொன்னால், சப்ளையின் வெளிவரும் இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். அளக்காமல் சொன்ன பதிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இவற்றையெல்லாம் மச்சான் செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மில்லில் இன்னொரு மெஷின் இருக்கிறது, கலர் சோட்டர். அதற்கும் அதே வயது, அதே பொய்லர் சூடு, அதற்குள்ளும் ஒரு சப்ளை. அதையும் அணைத்துப் பார்ப்போம் என்று அண்ணன் மூன்று தரம் சொல்லிவிட்டார். மச்சானின் பதில்: "ஓடுறத ஏன் நிப்பாட்டுற?"

நேற்றும் கேட்டேன். இன்னும் சம்மதிக்கவில்லை.